இன்னொரு தடவை கோபப்படுங்க

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில், நாலாம் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவளுக்கு அலுவலகத்தார் வைத்த பெயர் சுவர். இவளிடம் சொல்வதும் ஒன்று, சுவரிடம் போய்ச் சொல்வதும் ஒன்று என்று யாரோ ஒருநாள் கத்திவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் தெரியும். அதற்காக வருத்தப்பட்டாளா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஆள் கெட்டவள் இல்லை. ஒருவர் கத்தும்போது மற்றவர் எழுத வேண்டும். இரண்டு பேருமே கத்தினால் எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதே தெரியாமல் போய்விடும். இவ்வளவுதான் அவள் நியாயம். பதிவேட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு மனிதனை வரைந்திருப்பாள். தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருநாள் பதிவேட்டை விறுவிறுவென்று புரட்டியபோது அந்த மனிதன் நாற்காலியிலிருந்து எழுந்தான், தொப்பியைச் சரிசெய்தான், மறுபடியும் உட்கார்ந்தான். அதிகாரி மூன்று முறை புரட்டிப் பார்த்தார். பிறகு சிவப்பு மையில் எழுதினார்: "பதிவேட்டில் பணியாளர் அல்லாத நபர் ஒருவர் காணப்படுகிறார். விளக்கம் தேவை."

அந்த விளக்கத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்குப் போகும் மகள் பதிவேட்டை வாங்கிப் புரட்டினாள்.

"அம்மா, இதுக்குப் பேரு அனிமேஷன். இதுக்கெல்லாம் விளக்கம் எழுதுவாங்களா? போய்க் கத்துக்க."

"எழுந்திருக்கறான். ஆனா எழுந்து எங்க போறான்னு எனக்கே தெரியலடி. அதான் மறுபடி மறுபடி உக்காத்தி வச்சிடறேன்."

மகள் விளையாட்டுக்குத்தான் மாலை வகுப்பு ஒன்றில் பெயர் கொடுத்தாள். சுவர் விளையாட்டாக எதையும் செய்து பழக்கமில்லாதவள். முதல் நாளே, கூர் சீவிய ஆறு பென்சில்களோடு போய்ச் சேர்ந்தாள்.

வகுப்பு ஒரு தட்டச்சுப் பள்ளிக்கு மேல் மாடியில் நடந்தது. பன்னிரண்டு மாணவர்களில் பதினோரு பேருக்கு இருபது வயதுக்குள். ஆசிரியருக்கு இருபத்தேழு. அவர் இவளை அக்கா என்றார். இவள் அவரை சார் என்றாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில், துளையிட்ட காகிதங்களை முளைகளில் மாட்டி, முந்தைய படம் கீழே மங்கலாகத் தெரிய அடுத்த படத்தை வரைய வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். வருடக் கடைசியில் ஒரு சோதனை: பத்து நொடி, ஒரே ஒரு பாத்திரம், அது இன்னொருவர் பேசுவதைக் கேட்க வேண்டும். பார்த்து மதிப்பிட வெளியிலிருந்து ஒருவர் வருவார். பன்னிரண்டில் ஆறு பேர்தான் இரண்டாம் வருடத்துக்குப் போவார்கள். இரண்டாம் வருடத்தில் அவரவர் சொந்தப் பாத்திரத்தை வைத்து மூன்று நிமிடப் படம் செய்யலாம்.

மூன்று நிமிடம் இருந்தால் பதிவேட்டு மூலையிலிருப்பவனை எழுப்பி வாசல் வரைக்குமாவது கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் நினைத்தாள். அந்த ஆறில் ஒன்று வேண்டும். அதற்கு முன் வாழ்க்கையில் அவள் எதையும் இவ்வளவு விரும்பியதில்லை. இதுவும் முகத்தில் தெரியவில்லை.

முதல் பாடம் பந்து. பந்து விழுந்து எம்பி விழுந்து ஓய வேண்டும். அவள் பந்து விழுந்தது, அப்படியே கிடந்தது.

"ஏன்க்கா எழுந்திருக்கல?"

"யாரும் எழுந்திருக்கச் சொல்லலையே சார்."

அடுத்தது மாவு மூட்டை. கண் மூக்கு வாய் ஒன்றும் இல்லாத மூட்டை, நாலு மூலையை மட்டும் வைத்துக்கொண்டு துக்கப்பட வேண்டும், பிறகு சந்தோஷப்பட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்க் கணவனிடம் காட்டினாள். அவன் மெத்தைக் கடையில் விற்பனையாளன்.

"ரொம்ப நல்லா இருக்கு. நம்ம சமையல்கட்டுல இருக்கற மூட்டை மாதிரியே இருக்கு."

"இதுல எது துக்கம், எது சந்தோஷம்?"

அவன் நெடுநேரம் பார்த்தான். "ரெண்டும் கோதுமைதானே?"

ஆசிரியர் பொறுமைசாலி. வரைகிறவர் முதலில் நடிக்க வேண்டும், தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து வரைய வேண்டும் என்பது அவர் பாடம். ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்திருந்தார்.

"அக்கா, சந்தோஷமா இருங்க."

"இருக்கேன் சார்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க சொன்னதுலேர்ந்து."

அவர் கண்ணாடியை வாங்கி, பழுதா என்று பார்ப்பவரைப்போல் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். "சரி, உங்களுக்கு வரலைன்னா விடுங்க. மத்தவங்களப் பாருங்க. கோபம் வரும்போது முதல்ல எது அசையுது? கண்ணா, தோளா, கையா? எதுக்கு அப்புறம் எது? அந்த வரிசையத்தான் நாம வரையறோம்."

சுவருக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. கோபப்படுகிறவர்களைத் தேடி அவள் அலைய வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு அவர்களே வரிசையில் நிற்பார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் வருபவர் ஒருவர் உண்டு. மூன்றாம் மாடியிலிருந்த அவர் வீட்டுக்கு ஆறு மாதமாகத் தண்ணீர் ஏறவில்லை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு மூணாம்மாடி என்று பெயர். வழக்கம்போல் ஜன்னல் பலகையில் ஓங்கி அறைந்தார். பேனாக்கள் துள்ளின. சுவர் எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. தலையைத் தூக்கினாள்.

"இப்ப தட்டினீங்களே, முதல்ல மூச்சு இழுத்தீங்களா, தோளைத் தூக்கினீங்களா?"

"என்னது?"

"நான் கவனிக்கல. தயவுசெஞ்சு இன்னொரு தடவை கோபப்படுங்க."

மூணாம்மாடி திரும்பித் தன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அந்த ஜன்னல் ஒருவரிடம் ஏதாவது கேட்பது இதுதான் முதல் முறை.

"சீக்கிரம் கோபப்படுங்க சார்," என்றார் பின்னால் நின்றவர். "நானும் படணும்ல?"

அவர் இன்னொரு முறை அறைந்தார். சுவர் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

"முன்ன வலது கைன்னு நெனைக்கறேன். இப்ப இடது."

"அப்படியா?" அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வலதுலதான் எனக்கு நல்லா வரும். இருங்க."

அன்று அவர் பதினோரு முறை கோபப்பட்டார்.

அதை வைத்து அவள் நாற்பத்தெட்டுப் படம் வரைந்தாள். கை எலும்பு, சட்டை மடிப்பு, பலகையில் துள்ளும் பேனா எல்லாம் அளந்து வைத்தாற்போல் இருந்தன. ஆசிரியர் ஓட்டிப் பார்த்தார்.

"இவர் கோபப்படல அக்கா. கோபத்தக் காட்டறார்."

"நெஜமாவே கோபக்காரர் சார். ஆறு மாசமா தண்ணி இல்ல."

"நீங்க வரைஞ்சது எத்தனாவது தடவை பட்ட கோபம்?"

"பதினொண்ணாவது."

ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சொல்ல வந்தது, முதல் தடவையைப் பிடி என்பது. சுவர் புரிந்துகொண்டது வேறு: மூணாம்மாடிக்கு இன்னும் பயிற்சி போதவில்லை.

பயிற்சி நடந்தது. செவ்வாய்தோறும் அவர் வந்தார், கோபப்பட்டார், குறிப்புகளைக் கேட்டுக்கொண்டு போனார். தோளை ஒரு கணம் தாமதிக்கலாம், கண் ஜன்னலுக்கு வந்த பிறகு கை வரட்டும் என்பது போன்ற குறிப்புகள். மூன்றாம் மாதத்தில் அவர் கோபம் எப்படித் தேறிவிட்டதென்றால், வராந்தாவில் தற்செயலாக நடந்துபோன உதவிப் பொறியாளர் அதைக் கேட்டுக் கையிலிருந்த தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அன்று மாலையே நாலு பேர் குழாயோடு அந்தக் கட்டடத்துக்கு ஓடினார்கள். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறியது. ஏறிய வேகத்தில் மொட்டை மாடித் தொட்டி நிறைந்து வழிந்து, கீழே உலர்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் நனைந்தது.

அடுத்த செவ்வாயும் அவர் வந்தார்.

"தண்ணி வந்துடுச்சு மேடம்."

"அப்ப புகார முடிச்சிடலாமா?"

"முடிச்சுட்டா நான் எதுக்கு வர்றது? போன வாரம் மூச்சு முந்திடுச்சுன்னீங்களே. வீட்ல உக்காந்து சரிபண்ணிட்டு வந்திருக்கேன். பாருங்க."

அவள் பார்த்தாள். புகார் நிலுவையில் இருந்தது.

சேதி பரவியது. முதல் மூன்று ஜன்னல்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாலாம் ஜன்னல் வரிசை வாசலைத் தாண்டிச் சைக்கிள் நிறுத்தம் வரைக்கும் போனது. குழாய் உடைந்து தெருவெல்லாம் ஓடுகிறது என்று சொல்ல வந்த பெண்மணி, "இங்கதான கோபத்தப் பாத்துச் சொல்றாங்க?" என்று விசாரித்து நின்றாள். மாமியாரிடம் பேச வேண்டியதை இங்கே ஒருமுறை பேசிப் பார்த்துக்கொண்டு போன மருமகளும் உண்டு. தண்ணீர் வரி மட்டும் யாரும் கட்டவில்லை, அந்த ஜன்னல் காலியாகவே இருந்தும்.

கண்காணிப்பாளர் அறையிலிருந்து இறங்கி வந்தார்.

"இது புகார்ப் பிரிவா, நாடகக் கொட்டகையா? உன் முன்னாடி என்ன கண்ணாடி? ஆபீஸ்ல உக்காந்து அலங்காரமா? தணிக்கைலேர்ந்து ரெண்டாவது நினைவூட்டு வந்திருக்கு, பதிவேட்டுல எவனோ இருக்கானாமே, யார் அவன்? எழுந்திருக்கறானாம், உக்கார்றானாம்!"

சுவர் அவரை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் புருவம்தான் சார் முதல்ல வருது," என்றாள். "அதுக்கப்புறம் வயிறு. இத நான் யார்கிட்டயும் பாத்ததில்ல."

அன்று பிற்பகலே அவளைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அலுவலகத்தின் பின்கட்டில் இரும்பு அடுக்குகள், ஒரு மேசை, உயரத்தில் ஒரு ஜன்னல். மனிதர் யாரும் வருவதில்லை. முடிந்த புகார்கள் மட்டும் வரும். சோதனைக்கு ஏழு வாரம் இருந்தது.

வீட்டில் கணவன் உதவிக்கு வந்தான். "என்னை வரை. முகத்துல காட்டறதுதான என் பொழப்பே? ஒரு நாளைக்கு இருபது தடவை மெத்தைல விழுந்து காட்டறேன்." அவன் கோபப்பட்டான். துக்கப்பட்டான். பயந்தான். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"என்ன?"

"கோபத்துலயும் சொகமா இருக்கீங்க."

மகள் கட்டிலில் உருண்டு சிரித்தாள். அவன் உண்மையிலேயே கோபித்துக்கொண்டு எழுந்து போனான். அந்த நேரம் பார்த்து அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வந்தால் அது இரண்டாவது தடவையாகத்தானே இருக்கும் என்று பட்டது. ஆசிரியர் சொன்னது அங்கே, சீவல்கள் மடியில் விழுந்து கிடக்கும்போது, அவளுக்குப் புரிந்தது. இத்தனை மாதமும் அவள் யாருடைய கோபத்தையும் வரையவில்லை. கோபத்தின் ஒத்திகையை வரைந்திருந்தாள்.

கோப்பு அறையில் செய்ய வேலையில்லை. அடுக்குகளில் அவளுடைய பதிவேடுகளே பதினெட்டு வருடத்துக்கும் இருந்தன. ஒன்றை எடுத்துப் படித்தாள். எழுதியது அவள்தான், ஆனால் எழுதிய வேகத்தில் எதையும் படித்ததில்லை. கைக்கண்ணாடி மேசைமேல் சாய்ந்து நின்றது. ஒரு பெண் முப்பத்திரண்டு நாள் தொடர்ந்து வந்திருந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரே வாசகம்: குழாயில் காற்று மட்டும் வருகிறது, கைக்குழந்தை இருக்கிறது. முப்பத்துமூன்றாம் நாள், சுவரின் எழுத்திலேயே, முத்து முத்தாக: "புகார்தாரர் வீடு மாறிவிட்டார். புகார் முடிக்கப்பட்டது."

கண்ணாடியில் ஏதோ அசைந்தது.

இடது கண்ணின் கீழ் இமை. ஒரு மயிரிழை மேலே வந்து, நின்று, இறங்கியது. பிறகு தொண்டை ஒருமுறை விழுங்கியது. அதற்கப்புறம்தான் விரல் பக்கத்தைத் திருப்பியது. அவள் அதே வாசகத்தை மறுபடி படித்துக் கண்ணாடியைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சுவர்தான். அடுத்த புகாரை, முதல் தடவையாக, ஓரக்கண் கண்ணாடியில் இருக்கப் படித்தாள். இமை வந்தது.

ஏழு வாரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் புகார் படித்தாள். எதையும் இரண்டாம் முறை படிக்கவில்லை.

பாத்திரம் முடிவாகிவிட்டது: ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர். கேட்கிறாள், எழுதுகிறாள். ஆசிரியர் காகிதக் கட்டைப் பார்த்தார்.

"அசையாத முகத்துக்கு ஒரே படம் போதுமேக்கா. எதுக்கு இருநூத்தி நாப்பது?"

"அசையாம இருக்கறதும் ஒவ்வொரு நொடியும் செய்யற வேலைதான் சார். ஒரே படத்த வச்சா செத்துப் போயிடுது."

ஆசிரியர் காகிதக் கட்டை அவள் பக்கமே திரும்பத் தள்ளினார்.

கேட்பதற்கு ஒரு குரல் வேண்டும். மகளின் செல்போனில் பதிவை ஓடவிட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை மூணாம்மாடியின் வீட்டுக்கே போனாள். அவர் சட்டை மாற்றி, தொண்டையைச் செருமி, பலகைக்குப் பதில் அலமாரிக் கதவைத் தேர்ந்தெடுத்து நின்றார்.

"மூச்சுலேர்ந்து ஆரம்பிக்கட்டா, கண்ணுலேர்ந்தா?"

"இருங்க. உங்க கோப்பு நேத்து என் அறைக்கு வந்துடுச்சு. என் ஜன்னலுக்கு வந்த புது ஆள் உங்க புகார முடிச்சுட்டார்."

"முடிச்சுட்டாரா?"

"ஆமா."

"யாரக் கேட்டு முடிச்சாங்க? நான் செவ்வாய்க்கிழமை எங்க போறது? ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒண்ணரை வருஷம் மேடம்! எழுதறீங்களே ஒழிய ஒருத்தராவது எங்களக் கேக்கறீங்களா?"

கை எங்கும் அறையவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டது. பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க, கெட்டுப் போச்சு. இன்னொரு தடவை எடுப்போம்," என்றார்.

"வேண்டாம் சார்," என்றாள் சுவர். "போதும்."

சோதனை நாளன்று வந்தவர் முப்பது வருடம் விளம்பரப் படங்களுக்கு வரைந்தவர். கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாணவர்களின் பாத்திரங்கள் செய்தி கேட்டுக் கூரைக்கு எம்பின, தரையில் உருண்டன, ஒன்று அழுது அழுது தன் கண்ணீரிலேயே மிதந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே எண் எழுதினார். கடைசியாகச் சுவருடையது. மூணாம்மாடியின் குரல் கத்தியது. திரையில் எழுத்தர் இருந்தாள். முடிந்தது.

"ஓடுதா இது?"

"ஓடிடுச்சு சார்."

"மறுபடி போடு."

மறுபடி போட்டார்கள். பத்து நொடி. அவர் முன்னால் சாய்ந்தார். "மறுபடி." மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். நான்காம் முறை, "இந்தம்மா பதில் சொல்வாங்களா மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்க சார்," என்றாள் சுவர்.

"இன்னொரு தடவை போடு."

ஐந்தாம் முறை குரல் பாதியில் இருக்கும்போதே அவர் திரையைப் பார்த்து மேசையில் ஓங்கிக் குத்தினார். "அந்த ஆளு அவ்வளவு கத்தறான்! உனக்குக் கண்ணுல வருதுல்ல? இதோ வருது, எனக்குத் தெரியுது! வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிடுவே?"

மதிப்பெண் தாள்கள் தரையில் பறந்தன. எழுத்தர் திரையில் எழுதிக்கொண்டிருந்தாள். அறையில் எல்லோரும் வந்தவரைப் பார்த்தார்கள். சுவரும் பார்த்தாள். இந்தத் தடவை அவள் எழுதிக்கொண்டிருக்கவில்லை. முதலில் கழுத்து முன்னால் வந்தது, பிறகு வாய், கை கடைசியில்தான், அதுவும் அவரைக் கேட்காமலே வந்ததுபோல். தோள் தூக்கவே இல்லை. இத்தனை மாதமும் அவள் வரைந்த வரிசை இதில் இல்லவே இல்லை.

"என்னம்மா அப்படிப் பாக்கறீங்க?" என்றார் அவர், கையைத் தடவிக்கொண்டு.

அவள் வாயைத் திறந்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்று வகுப்புக்கே தெரியும். பின்வரிசையில் ஆசிரியர் வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். "நல்லாப் பாத்துட்டேன்."

பட்டியலில் அவள் பெயர் ஆறாவதாக இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் வந்தவர், "பாத்திரம் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டில் கணவன் பட்டியலை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "சந்தோஷம்தானே?" என்று கேட்டான். பிறகு இன்னும் கிட்டே வந்து, இடது கண்ணுக்குக் கீழே பார்த்து, "சரி, சரி, தெரியுது," என்றான்.

தணிக்கையிலிருந்து மூன்றாம் நினைவூட்டு மறுவாரம் கோப்பு அறைக்கு வந்தது. அன்றுதான் இரண்டாம் வருட வகுப்பின் முதல் நாள். அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஒரு வருடமாக எழுத முடியாமலிருந்த விளக்கத்தை முத்து முத்தாக எழுதினாள்:

"பதிவேட்டில் காணப்பட்ட நபர் இன்று மாலை ஆறு மணிக்கு எழுந்து வெளியே செல்கிறார். எங்கே என்பது தெரிந்ததும் தெரிவிக்கப்படும்."